செருப்புக்குக் காவல்

மகள் வாய்க்காலில் விழுந்தபோது கோகிலவாணிக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கோபம் ஆஸ்பத்திரியில் வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மரவள்ளி பிடுங்குகிற இடத்துக்கு எழில்மதி சோறு கொண்டுவந்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். வழியில் ஒரு வாய்க்கால். ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிவிடும் அகலம்தான். கூட வந்த சிறுசுகள் தாண்டிப் போய்விட்டன. எழில்மதி கரையில் நின்று முன்னும் பின்னும் ஆடினாள். பிறகு தாண்டுவதாக நினைத்துக்கொண்டு காலை எடுத்து வைத்தாள். உடம்பு தரையைவிட்டு எழும்பவே இல்லை. மூட்டை சரிகிற மாதிரி சரிந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சியில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டரம்மா, பள்ளிக்கூடத்தில் என்ன விளையாடுவாய் என்று பேச்சுக்குத்தான் கேட்டார்.

"செருப்பப் பாத்துக்கினு இருப்பேன்" என்றாள் எழில்மதி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோகிலவாணி துருவித் துருவிக் கேட்டாள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் பி.டி. சார் எல்லோரையும் ஓடவிட்டுப் பார்த்தாராம். எழில்மதி கடைசியாக வந்தாளாம். கோ-கோ டீமுக்கு எடுத்த பன்னிரண்டு பேர் மைதானத்தில் ஆடுவார்கள். மற்றவர்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆடுகிறவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் எழில்மதி காவல். இரண்டு வருஷம் ஆகப்போகிறது, ஒரு நாள்கூட மைதானத்தில் இறங்கி ஆடியதில்லை. இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. ஒரு செருப்புகூடத் தொலைந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமையைக் கேட்டுத்தான் கோகிலவாணியின் கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பி.டி. ஆசிரியர் பகலவன் சின்ன வயசுக்காரர். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன்மையாகத்தான் பேசினார்.

"அதுக்கு ஓட வராதுங்க. எறக்கி வுட்டா அடிபட்டுக்கும். அப்பறம் நீங்கதான் சண்டைக்கு வருவீங்க."

"வராதுன்னுதான சார் இங்க அனுப்பறேன்? ஆறாவது வந்தப்போ அதுக்கு இங்கிலீஷும்தான் வரல. டீச்சர் மரத்தடிக்குத் தொரத்தல. பக்கத்துல குந்த வெச்சி எழுத்து எழுத்தா சொல்லிக் குடுத்தாங்க. ஓட வராத புள்ளைக்கு மட்டும் இன்னா சார் செருப்புக் காவலு?"

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் அரங்கநாதன் வந்தார். நாற்காலி போடச் சொன்னார். பீரோ மேலிருந்த கோ-கோ கோப்பையைக் காட்டி, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பெயர் என்று விளக்கினார். உட்கார்ந்தே இருந்தாலும் உடற்கல்வியில் எந்தப் பிள்ளைக்கும் மார்க் குறைப்பதில்லை என்று ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதலைக் கேட்டதும் கோகிலவாணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"மார்க்க வெச்சிக்கினு வாய்க்கால தாண்ட முடியுமாங்க?"

அதைக் கேட்டுப் பகலவன் பொங்கிவிட்டார். நானூறு பிள்ளைகளுக்கு அவர் ஒரே ஆள், நாலே பந்து. பாதி நாள் அவருடைய பீரியடைப் பாடம் முடியவில்லை என்று மற்ற ஆசிரியர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். எத்தனை பிள்ளை ஓடப் பழகியது என்று யாரும் கேட்பதில்லை, கோப்பை எங்கே என்றுதான் கேட்கிறார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க மட்டும் வூட்ல ஓட வுடறீங்களா? பொட்டப் புள்ள, ஆடாத, ஓடாதன்னு சொல்றது யாரு?"

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. ஏழு வயதிலேயே எழில்மதியின் இடுப்பில் தம்பியைத் தூக்கி வைத்தவள் அவள்தான். பிள்ளையைக் கீழே போட்டுவிடுவாள் என்று, தெருவில் நொண்டி ஆட விடாமல் வாசலிலேயே நிறுத்தியவளும் அவள்தான்.

"நான்தான் சொன்னேன். தப்புதான்" என்றாள். "நான் படிக்காதவ சார். நீங்க இதுக்குன்னே படிச்சவரு."

வியாழக்கிழமை அந்த வகுப்புக்கு பி.டி. பீரியட். மரவள்ளிக் காட்டில் கூட வேலை செய்கிற இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளி மதில் ஓரம் நின்றாள் கோகிலவாணி. பகலவன் பார்த்தார். விசிலை ஊதி மரத்தடியில் இருந்த எல்லோரையும் எழுப்பினார். குச்சியால் மண்ணில் கோடு கிழித்து, ஒற்றைக் காலில் குதித்து அந்தக் கோடுவரை வரச் சொன்னார்.

பாதிப் பேருக்கு வரவில்லை. நெட்டையான ஒரு பையன் இரண்டாவது குதியிலேயே பக்கவாட்டில் சாய்ந்தான். ஒருத்தி முழங்காலை மடக்காமல் கட்டை மாதிரி வந்து இறங்கினாள். பகலவன் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு வரிசைக்குள் புகுந்து, முழங்காலை மடக்கு, கையை வீசு, முன்பாதத்தில் இறங்கு என்று ஒவ்வொருவராகத் திருத்தினார். கட்டுப் போட்ட கையோடு எழில்மதியைக் குதிக்க விடவில்லை. ஒரு தோழியின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்க மட்டும் சொன்னார். நின்றாள், ஆடினாள், காலை ஊன்றினாள், மறுபடியும் தூக்கினாள்.

மதில் ஓரம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வயதில் பழக வேண்டியதைப் பன்னிரண்டு வயதில் தட்டுத் தடுமாறிப் பழகுகிற பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் ஏறிக்கொண்டுதான் போனது. அதில் அவள் பங்கும் இருந்தது. அதனால் ஆத்திரம் கம்மியாகவில்லை, ஜாஸ்தியானது.

மணி அடித்ததும் பகலவன் மதிலருகே வந்தார். இனி எல்லோரையும் இறக்குவதாகச் சொன்னார். டீமுக்குப் பயிற்சி குறையும், இந்த வருஷம் கோப்பை போனாலும் போய்விடும் என்றார்.

"போவட்டும் சார்" என்றாள் கோகிலவாணி. "அடுத்த வாரமும் வருவேன்."

சாருக்கு ஒரு நன்றியாவது சொல் என்று கூட வந்தவள் முழங்கையால் இடித்தாள். கோகிலவாணி சொல்லவில்லை.