ஐநூறுக்குச் சில்லறை

ஊரில் பாதிப் பேருடைய அடையாள அட்டை அந்த ஜெராக்ஸ் கடையின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்திருக்கிறது. கடைக்காரன் மட்டும் தன் அட்டையின் நகலை வங்கிக்குக் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்த வங்கி அவன் கணக்கை முடக்கிவிட்டது. அந்த வாரம்தான், போனில் பணம் வாங்கும் பெட்டியை விற்பவன் கடைக்குள் வந்தான்.

"உங்க கணக்கு வேலைக்கு ஆகாது சார். வீட்ல மேடத்துக்குக் கணக்கு இருக்கா?"

இருந்தது. அன்றிலிருந்து கடை வருமானம் மனைவியின் கணக்குக்குப் போனது.

மேசைமேல் கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவுப் பெட்டி. வந்தவர்கள் போனை அட்டைக்கு நேரே காட்டினால், எவ்வளவு வந்தது என்று பெட்டி ஒரு பெண் குரலில் கூவியது. அதே நொடியில், நாலு தெரு தள்ளிப் பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் போனில் மணி அடித்தது.

"உங்க கடை டிங்கு டிங்குன்னு அடிக்குது. அடுத்தது நம்ம பல்லுதான்னு இங்க ஒவ்வொருத்தரும் நடுங்கறாங்க" என்பாள்.

அவனுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. இழுப்பறையில் இருந்த காலத்தில் காசு ஓட்டைப் பானைத் தண்ணீராகப் போனது. போன வழி அவனுக்கே தெரியாது. இப்போது மகளின் பள்ளிக் கட்டணம் தேதி தவறாமல் கட்டப்பட்டது. இயந்திரத்துக்குப் புது உருளை வந்தது. எதிரே இருக்கும் அரசு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சில்லறைக்காகச் சண்டை போடுவதும் நின்றது.

சிக்கல் ஒன்றுதான். அக்கா.

அக்கா ஒரு சலவை நிலையத்தில் துணி தேய்த்து மடிக்கிறாள். அவள் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர். படுக்கை, மாத்திரை, ஜன்னல். அவர் உலகம் அவ்வளவுதான். சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும், மாத்திரைக்குத்தான் இழுக்கும். அதற்காக யாரிடமும் கை நீட்டுகிறவள் இல்லை அவள். தம்பியிடம் நிச்சயமாக இல்லை.

அவனுக்குக் கல்யாணமான புதிதில் மனைவி ஒருநாள் விளையாட்டாக, "அண்ணி வந்தாலே சர்க்கரை டப்பா ஓடி ஒளிஞ்சிக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதன் பிறகு அவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. சொன்னவளுக்குச் சொன்னதே நினைவில்லை.

பிறகு, இந்தப் பெட்டி வருவதற்குப் பல ஆண்டுகள் முன், பள்ளிச் சேர்க்கை நடந்துகொண்டிருந்த ஒரு நாள், அக்கா கடைக்கு வந்தாள். கூட்டம் கழுத்தை நெரித்தது. வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை நீட்டி, ஒரு காப்பி கேட்டாள். ஒரு காப்பிக்கு இரண்டு ரூபாய். அவள் கொடுத்தது ஐம்பது. அவசரத்தில் அதை ஐநூறு என்று நினைத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டை எண்ணி அவள் கையில் வைத்தான். அக்கா கையைப் பார்த்தாள். மூடினாள். போய்விட்டாள்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

அடுத்த மாதத் தொடக்கத்தில் அக்கா மறுபடி வந்தாள். அதே பக்கம். அதே ஐம்பது. அவன் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஐநூறுக்குச் சில்லறை இருக்கான்னு பாக்கறேன்க்கா."

"பாத்துக் குடு. எனக்கொண்ணும் அவசரமில்ல."

இதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆண்டுகள் போயின. அந்த ஒப்பந்தம் காலாவதியானது. வீட்டுச் சொந்தக்காரரும் காலமானார். பக்கம் மட்டும் மாறவில்லை. அக்கா வீட்டில் அதே பக்கம் கட்டுக் கட்டாகக் கிடக்கும் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

பெட்டி வந்த பிறகு இழுப்பறையிலிருந்து முதலில் ஐநூறுகள் காணாமல் போயின. அப்புறம் நூறுகள். போன மாதம் அக்காவுக்குக் கொடுத்தது முழுக்கப் பத்துகளும் நாணயங்களும்தான். பையில் கொட்டியபோது கலகலவென்று சத்தம் வந்தது.

"என்னடா, மகளோட உண்டியல உடைச்சிட்டியா?" என்றாள் அக்கா.

இந்த மாதம் அதுவும் இல்லை. இழுப்பறையில் கொஞ்சம் நாணயங்கள், ஒரு ரப்பர், ஒரு பேனா மூடி. மனைவியிடம் கேட்கலாம். எதுக்கு என்பாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் பதில் சொன்னால் அக்காவின் ஐம்பது மறுபடி ஐம்பதாகிவிடும். அதற்குப் பிறகு அவள் வரமாட்டாள். மாத்திரையும் நின்றுபோகும்.

அக்கா வரவேண்டிய அன்று காலை கடையைத் திறந்ததும், கட்டம் போட்ட அட்டைமேல் ஒரு காகிதப் பெட்டியைக் கவிழ்த்தான். பேசும் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினான்.

"பெட்டி ரிப்பேர். காசா குடுங்க."

"காசா?" என்றார் முதலில் வந்தவர். ஏதோ புதையல் கேட்டதுபோல அவனைப் பார்த்தார். "காசு வெச்சிருந்தா நான் ஏன்யா போன் வெச்சிருக்கேன்?"

அடுத்து வந்த பெண் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சீப்பு, சாவி, முகப்பூச்சு விழுந்தன. காசு விழவில்லை. இன்னொருவர் பணம் எடுக்கும் இயந்திரத்தைத் தேடிப் போனார். போனவர் திரும்பவில்லை.

பக்கத்துக் கடையில் போன் ரிப்பேர் செய்பவன் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, ரிப்பேர்னா என்கிட்ட குடுக்க மாட்டீங்களா? நான் என்ன இங்க முறுக்கா சுடறேன்?"

"நீ தொட்டா இப்ப பேசறதும் பேசாது. போய்யா."

கிடைத்த இரண்டையும் ஐந்தையும் அவன் இழுப்பறையில் போட்டுக்கொண்டே இருந்தான். பிற்பகல் நெருங்கியபோதும் நானூறு தேறவில்லை.

மனைவியின் போன் காலையிலிருந்து ஒரு முறையும் அடிக்கவில்லை. முதலில் கூட்டம் இல்லை போலும் என்று நினைத்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள். இயந்திரத்தில் தாள் சிக்கி, முழங்கை வரை கறுப்புத் தூளாக நின்றவன் போனை எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

கடை வாசலில் நின்று அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

"உசிரோடதான் இருக்கீங்களா?"

"எனக்கென்ன?"

"ஒரு டிங் கூட இல்ல. போனையும் எடுக்கல. நெஞ்ச பிடிச்சிக்கிட்டு விழுந்துட்டீங்களோன்னு..." மூச்சு வாங்கியது. கவிழ்த்து வைத்த காகிதப் பெட்டி அவள் கண்ணில் பட்டது. எடுத்தாள். "இது என்ன, கோழிக்குஞ்சா மூடி வெக்க?"

அவள் இணைப்பைச் செருகினாள். பெட்டி வணக்கம் சொன்னது. இழுப்பறைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்க மெஷினப் பாருங்க. இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள்.

எழுந்திரு என்று சொல்ல ஒரு காரணம் தேடினான். கிடைக்கவில்லை. அதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

அக்கா மனைவியைப் பார்த்தாள். திரும்பிப் போயிருக்கலாம். பின்னால் மூன்று பேர் நின்றார்கள். பக்கத்தை நீட்டினாள். ஐம்பதையும் நீட்டினாள்.

"வாங்கண்ணி. மாமா எப்படி இருக்கார்?"

"இருக்கார்."

மனைவி நோட்டை வாங்கி உள்ளே போட்டாள். நாற்பத்தெட்டை எண்ணிக் கொடுத்தாள். சரியான சில்லறை. அக்கா கையை மூடவில்லை. நகர்ந்து போகவும் இல்லை.

இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அவன் சொன்னான். "அது ஐநூறு."

"எது?"

"அக்கா குடுத்த நோட்டு. ஐநூறு."

மனைவி இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்தாள். நாணயங்கள், பேனா மூடி, மேலாக அந்த ஐம்பது. "இங்க ஐநூறே இல்லையே. அண்ணி குடுத்தது அம்பது."

"ஐநூறுன்னு சொல்றேன்ல."

"நீங்க அங்க நிக்கறீங்க. நோட்டு என் கைல வந்துச்சு."

வரிசையில் நின்ற ஒருவர், "சீக்கிரம் முடிங்க, ஆபீஸ் மூடிடுவான்" என்றார். மற்றவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். ஐம்பதைக் கொடுத்து ஐநூறு என்று சாதிக்கிறவளைப் பார்க்கும் பார்வை அது. அக்கா ஒரு வார்த்தையும் சாதித்திருக்கவில்லை.

"அம்பதுதாம்மா" என்றாள் அக்கா. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவனுக்கு நாளுக்கு நாள் புத்தி மழுங்குது. நீ பாத்துக்கோ." நகலையும் நாற்பத்தெட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். வேகமாகக்கூடப் போகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு மனைவி கேட்டாள். "இது எத்தனை வருஷமா நடக்குது?"

அவன் சொன்னான். கொஞ்சம்தான் இருந்தது சொல்ல.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மேசைமேல் இருந்த கறுப்புத் தூளை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். "நான் என்ன ராட்சசியா? மாத்திரைக்குன்னு சொன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?"

"நீ சொல்ல மாட்டே. அவ வாங்க மாட்டா."

"எல்லாம் வாங்குவாங்க. அவங்க நம்பர் என்கிட்ட இருக்கு." அவன் கையை நீட்டுவதற்குள் நானூற்று ஐம்பதை அனுப்பிவிட்டாள். "போயிடுச்சு. இதுக்குப் போய் இத்தனை வருஷம் நாடகம்."

"உன் பேரு போயிருக்கும்ல?"

"போகும். யார் அனுப்பினான்னு தெரிய வேணாமா?"

இழுப்பறையில் கிடந்த நோட்டுக்கு யார் பெயரும் இல்லை. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை. மேசைமேல் பெட்டி கூவியது.

நானூற்று ஐம்பது வந்து சேர்ந்தது. நன்றி.

பக்கத்துக் கடைக்காரன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "அடேங்கப்பா! யாருண்ணே அது, புத்தகத்தையே ஜெராக்ஸ் எடுத்தாங்களா?"

மனைவி போனைப் பார்த்தாள். அனுப்பியவர் பெயராக அக்காவின் பெயர் இருந்தது. போனை மேசைமேல் வைத்துவிட்டு, "நம்ம வீட்டுப் படி ஏறாத அளவுக்கு என்ன சொன்னேன் அவங்கள நான்?" என்று கேட்டாள்.

சர்க்கரை டப்பாவைச் சொன்னான்.

"அது தமாஷுங்க."

"ஆமா."

அக்கா இனி வரமாட்டாள் என்று நினைத்தான். வந்தாள். அடுத்த மாதத் தொடக்கத்தில், அதே பக்கத்தோடு. ஐம்பது நோட்டு இல்லை. போனை எடுத்துக் கட்டத்துக்கு நேரே காட்டினாள். பெட்டி இரண்டு வந்ததாகச் சொன்னது. நகலை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். சில்லறைக்காக வந்தவள் இல்லை என்று ஆகிவிட்டது. அதைக் காட்டத்தான் வந்திருந்தாள்.

"மாமாவுக்கு மாத்திரை?" என்றான்.

"பாதி பாதியா உடைச்சிப் போடறோம். டாக்டரே சொன்னார்" என்றாள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவன் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கடுத்த மாதம் வந்திருக்க மாட்டாள்.

அன்று மனைவியிடமிருந்து செய்தி வந்தது. *ரெண்டு வந்துச்சே, அண்ணியா?* ஆமாம் என்று அனுப்பினான். *மாத்திரை?* என்று வந்தது. கேட்டதையும் பதிலையும் எழுதி அனுப்பினான். அதற்கு அவள் ஒன்றும் எழுதவில்லை.

இன்னும் ஒரு மாதம் போனது. அக்கா வந்தாள், காட்டினாள், இரண்டு சேர்ந்தது. ஆனால் உடனே கிளம்பவில்லை. மேசையில் முழங்கையை ஊன்றினாள்.

"மருந்துக் கடைய மாத்திட்டேன்டா. பல் ஆஸ்பத்திரிக்குக் கீழ ஒண்ணு இருக்குல்ல, அங்க. பாதி விலைக்குத் தரான்."

"பாதியா?"

"ரொம்ப நாள் படுக்கைல இருக்கறவங்களுக்குத் தனிச் சலுகையாம். கம்ப்யூட்டர்லயே இருக்காம். அவனாவா குடுத்தான்? நான் போட்ட போடுல குடுத்தான். உனக்கெல்லாம் பேரம் பேசத் தெரியாது. அதான் இன்னும் ரெண்டுக்கே காப்பி எடுத்துக்கிட்டு இருக்கே."

"மாமா முழு மாத்திரை சாப்பிடறாரா?"

"முழுசு. ராத்திரி நல்லாத் தூங்கறார். குறட்டைல எனக்குத்தான் தூக்கம் போச்சு."

போய்விட்டாள்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னான். உங்க ஆஸ்பத்திரிக்குக் கீழே இருக்கும் கடையாம், பாதி விலையாம், கம்ப்யூட்டரில் சலுகையாம்.

"அப்படியா?" என்றாள் மனைவி. மகளின் தட்டில் பரிமாறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நல்லதாப் போச்சு."

"அங்க அப்படி ஒரு சலுகை இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? நான் மாடில பல்லு பாக்கற எடத்துல இருக்கேன்."

அவளுடைய போன் சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். தேதியும் பெயரும் இருக்கும். அவன் எடுக்கவில்லை. தண்ணீர் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.