யாரை நினைச்சிருக்கே?

வீட்டை விட்டுப் புறப்படும்போதே அவள் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக அம்மா கட்டிலருகே உட்கார்ந்து, "சுண்டு இனிமே வரமாட்டான்மா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

சுண்டு அவளுடைய தம்பி. சுண்டுவிரல் மாதிரி சின்னதாக இருந்ததால் அந்தப் பெயர். அப்பாவோடு வாய்ச்சண்டை முற்றி, தோளில் ஒரு பையோடு படியிறங்கியவன். கடிதாசும் இல்லை, போனும் இல்லை. அப்பா போனதற்கும் வரவில்லை. போன மாதம் அம்மா அடம்பிடித்துத் தன் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்த வைத்தாள். அன்றிலிருந்து கண் தெருவிலேயே கிடக்கிறது. தூக்கம் இல்லை. இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. இருக்கிற கொஞ்ச உயிரையும் அந்த ஜன்னல் உறிஞ்சிவிடும் என்று அவளுக்குப் பட்டது. மருந்துக்கடையில் நாள் முழுக்க மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள் அவள். இருக்கிறது அல்லது இல்லை, இரண்டில் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். நடுவில் தொங்குவது ஆகாது.

கிளம்பும்போதுகூட அம்மா சொன்னாள்: "வழியில அவனப் பாத்தா கையோட கூட்டிட்டு வா."

முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக இருந்த கட்டடம், இப்போது கம்ப்யூட்டர் மியூசியம். மாடி முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்கள், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. காற்றாடிகளின் இரைச்சல், சூடேறிய தூசியின் வாசனை, எங்கோ ஒரு பிரின்டர் துணி கிழிக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. நுழைவாயிலில் 'தயவுசெய்து தொடவும்' என்று பலகை.

"எல்லா மியூசியத்துலயும் தொடாதேன்னு விரட்டுவான். இங்க தொடலேன்னா கோவிச்சுக்குவாங்க போலிருக்கே, டாக்டரம்மா" என்றான் கணவன். மருந்து விற்பவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவது அவனுடைய பழைய கிண்டல். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கதவையும் ஒரு தடவை மூடினால் நம்பமாட்டான். திரும்பப் போய் இழுத்துப் பார்த்தால்தான் அவனுக்கு மூச்சு வரும். அம்மாவின் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடந்த சுண்டுவின் கம்ப்யூட்டரை இங்கே கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான். அது ஆகிவிட்டது ஒரு வருஷம்.

பொறுப்பாளர் நெட்டையான பெண்மணி. கையில் ஸ்க்ரூடிரைவரோடே வரவேற்றார்.

"வாங்க, வாங்க. நாலு கண்டென்சர் மாத்தினேன், எழுந்து உக்காந்துடுச்சு. பிளாப்பியும் படிக்குது. இத்தனை நாள் பின்னறையில பூட்டி வச்சிருந்தேன், இன்னிக்குக் காலையிலதான் வெளிய எடுத்தேன். நீங்கதான் முதல் ஆள்." சொல்லிக்கொண்டே பெட்டிக்கு முன்னால் கிடந்த சுழல் நாற்காலியை உயர்த்தினார். "இது ஒரு சனியன். பின்னறையிலயும் இதுல உக்காந்துதான் வேலை பாத்தேன். என் உயரத்துக்கு ஏத்தி வச்சுட்டுப் போவேன். காலையில வந்து பாத்தா அடிமட்டத்துல இறங்கியிருக்கும். காத்து போயிடுச்சு போல."

கணவன் முந்திக்கொண்டு அதில் உட்கார்ந்தான். திரையில் பச்சை எழுத்துகள் எரிந்தன. அந்தக் காலத்துப் பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேச்சுத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருந்தான் சுண்டு.

யாரை நினைச்சிருக்கே?

தம்பி எழுதிய விளையாட்டு. வீட்டு மனுஷர்களில் ஒருவரை மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி கேள்வி கேட்கும். ஆமாம் என்றால் 1, இல்லை என்றால் 0. கடைசியில் யாரென்று சொல்லிவிடும். தெரியாவிட்டால் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆளின் பெயரையும் அவரை அடையாளம் காட்ட ஒரு கேள்வியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். அதாவது அதன் வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு கேள்வியும் யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது.

"என்னைக் கண்டுபிடிக்கட்டும் பாப்போம்" என்றான் கணவன். "நான் உங்க வீட்டு வாசலையே மிதிக்காத காலத்துல எழுதினது. திருதிருன்னு முழிக்கப் போவுது பாரு."

ஆம்பளையா? அவன் 1 தட்டினான்.

பூட்டின கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பாப்பாரா?

அவன் சிரித்துக்கொண்டே மறுபடி 1 தட்டினான்.

மாமா. சரியா?

"கில்லாடிதான் நீ, டாக்டரம்மா! எப்ப வந்து இதச் சொல்லிக்குடுத்தே?"

"நான் ஏன் வர்றேன்?" என்றாள். அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெதுவாக இறங்கியது. அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே வீட்டை விட்டுப் போனவன் சுண்டு. அக்காவுக்கு ஒரு கணவன் வாய்த்தான் என்பதே அவனுக்குத் தெரிய வழியில்லை.

"எந்திரிங்க" என்றாள்.

அவள் உட்கார்ந்து அம்மாவை நினைத்தாள். ஆம்பளையா? 0. கோவம் வந்தா தேய்ச்ச பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பாளா? 1. இது பழைய கேள்வி. அவளும் சுண்டுவும் சேர்ந்து சிரித்துச் சிரித்துத் தட்டியது. அடுத்து 'அம்மா' என்று வர வேண்டும்.

இப்போ ஜன்னலோரம் படுத்திருக்காளா?

பிரின்டர் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. கட்டிலை நகர்த்தியது போன மாதம். பெட்டி இங்கே வந்தது போன வருஷம்.

"இதுல வேற யாராவது உக்காந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லைங்க" என்றார் பொறுப்பாளர். "சாவி என் இடுப்பைவிட்டு இறங்கினதில்ல. என்னைத் தவிர அந்த அறைக்குள்ள..." அவர் பார்வை நாற்காலிமேல் விழுந்தது.

சுண்டு எப்போதும் நாற்காலியை இறக்கித்தான் உட்காருவான். கால் தரையில் படாவிட்டால் அவனுக்குத் தட்ட வராது.

"போதும், வா, போயிடலாம்" என்றான் கணவன்.

"இன்னும் ஒருத்தன் பாக்கி இருக்கான்."

அவள் தம்பியை நினைத்தாள். ஆம்பளையா? 1. கதவைத் திரும்ப இழுத்துப் பாப்பாரா? 0. திரை சற்று யோசிப்பதுபோல இருண்டு எரிந்தது.

உயிரோட இருக்கானா?

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷமாக அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி. இந்தப் பெட்டிக்காவது தெரியுமென்று பார்த்தால் அது அவளையே கேட்கிறது. காலையில் எடுத்த முடிவுப்படி பதில் என்னவோ அதைத் தட்டினாள். 0.

அப்பா. சரியா?

அப்பா போன சேதியும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. செத்தவர்கள் பக்கத்தில் அப்பா ஒருவர்தான். அவன் அங்கே இல்லை.

பிறகு விளையாட்டை முதலிலிருந்து தொடங்கினாள். 1. 0. உயிரோட இருக்கானா? இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு 1.

கதவு திறந்திருந்தா உள்ள வருவானா?

கணவன் அதைப் படித்தான். படித்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு ராத்திரியும் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிற கை. அந்தக் கதவுக்கு வெளியே நின்று, அது ஒருமுறைக்கு இருமுறை இறுகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவனால்தானே அப்படி ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

"டாக்டரம்மா..." என்றான். கிண்டல் இல்லை குரலில்.

அவள் 1 தட்டினாள்.

நாற்காலி மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் போட்டது. அவளைச் சுமந்தபடி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அவள் கால்கள் தரையில் முழுசாகப் பதிந்ததும் நின்றது. திரையில் ஒரே சொல்.

சுண்டு.

அதற்குப் பின்னால் 'சரியா?' என்று அது கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கணவன் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் பிடித்தான்.

"விடுங்க" என்றாள்.

"ராத்திரி பூராவுமா?"

"ராத்திரி பூராவும்."

அவன் கையை எடுத்தான். இரண்டாம் முறை திரும்பிக்கூடப் பார்க்காமல் சமையலறைக்குப் போனான்.

சொல்ல நினைத்ததை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு அவள் அம்மாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வழியில் பார்த்தாயா என்று இன்றைக்கு அம்மா கேட்கவில்லை. தட்டில் வைத்துவிட்டுப் போன சாப்பாடு காலியாகியிருந்தது. இத்தனை நாளாகக் கண்ணைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வாசல் கதவைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.