ஐந்து மணிச் சீட்டு

உளவுத்துறைத் தகவல் மேசையில் அவளுக்கு இது பதினோராவது வருஷம். பொதுஜனம் போனில் சொல்வதை எழுதிக்கொள்வது வேலை. வெள்ளைச் சீட்டு உடனே மாடியில் இருக்கிற அதிகாரிகளுக்குப் போகும். எடுத்ததற்கெல்லாம் கூப்பிடுகிறவர்களுக்கு மஞ்சள் சீட்டு. அது சாயங்காலம் ஐந்து மணிக்கு மொத்தமாகப் போகும். அந்த ஏற்பாடே அவள் கொண்டுவந்ததுதான். மாடிக்காரர்களுக்குத் தொல்லை விட்டதே என்று பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே கடிகாரம் பழுதுபார்க்கிற பெரியவருக்கு ஆபீசில் புகார்ப்பெட்டி என்று பட்டப்பேர். அவர் பேச்சைக் கேட்டு பதினாலு தடவை ஆள் போய், வெறுங்கையோடு திரும்பியாயிற்று.

அன்றைக்குக் காலை பத்தரைக்குக் கூப்பிட்டார். "மூணு நாளா ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுல அதே பெஞ்சில பையோட உக்கார்றான்மா. பதினொண்ணு அடிச்சா எழுந்து போயிடுறான். இன்னைக்குப் பை கனம். தோள் சாயுது."

"போன மாசமும் பைன்னுதான் சொன்னீங்க. திறந்தா தக்காளி."

பெரியவரும் சிரித்துவிட்டார். "சரிம்மா, எழுதிக்கோ. நான் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன்."

அவள் மஞ்சள் சீட்டை எடுத்தாள்.

பதினொன்றுக்குக் குண்டு வெடித்தது. பத்தொன்பது பேர் போனார்கள். புலி வருது கதையில் ஊரார் பக்கம்தான் நியாயம் என்று நாமெல்லாம் படித்தாயிற்று. செத்தவன் பக்கம் நின்று யார் படித்தோம்?

"விசாரணையில கேட்டா, தகவல் எதுவும் வரலைன்னு சொல்லிடு. உன் வேலைக்கும் நல்லது, நமக்கும் நல்லது" என்றார் மேலதிகாரி. அந்த மஞ்சள் சீட்டு ஐந்து மணிக்கு மாடிக்குப் போகவில்லை; எட்டு நாளாக அவள் கைப்பையிலேயே கிடந்தது.

ஒன்பதாம் நாள் பெரியவரின் மகள் வந்தாள்.

"கடையைத் திறந்து போட்டுட்டு அப்பா ஏன் அங்க போனார்னு தெரியல. குண்டுக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தாராம். அவரையே சந்தேகப்படுறாங்க. சொந்தக்காரங்க வீட்டுப் படி ஏறமாட்டேங்குறாங்க. உங்களுக்கு அடிக்கடி போன் பண்ணுவார். அன்னைக்குப் பண்ணாரா?"

மேலதிகாரி கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்து நீட்டினாள்.

"பண்ணார்மா. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார். நான்தான் போகவிட்டேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

மகள் இரண்டு தடவை படித்தாள். தேதி, நேரம், பெஞ்சு, பை எல்லாம் இருந்தது. மேலே, சொன்னவர் பேர் என்ற இடத்தில், 'புகார்ப்பெட்டி, வழக்கம்போல' என்று இருந்தது.

"இதுல அப்பா பேரே இல்லையே" என்றாள்.

அவள் சீட்டைத் திரும்ப வாங்கிப் பேனாவை எடுத்தாள். பேர் என்ன என்று மகளிடம்தான் கேட்கவேண்டியிருந்தது.