கண்ணாடியில் ஒரு பொத்தான்

மனிதன் மனிதனானது கதவு திறக்கக் கற்றுக்கொண்ட நாளில்தான். குகை வாசலைப் பாறையால் அடைத்தவன் விலங்கைவிட ஒரு படி மேல். அந்தப் பாறையைத் தொடாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே நகர வைக்கிறவனோ நாகரிகத்தின் உச்சியில் இருக்கிறவன். சனிக்கிழமை காலை, டீ ஆறிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில் தலைவர் இந்தக் கருத்தை விரிவாக எடுத்துரைத்தார்.

"அப்ப இனிமே ஹாரன் அடிக்க மாட்டீங்க. அதானே சொல்ல வர்றீங்க?" என்றார் அவர் மனைவி.

அதுதான்.

தலைவர் என்பது பதவி போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர். அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு காலத்தில் அவர் தலைவர். அந்தக் காலத்தின் நினைவாகத் தெருமுனையில் ஒரு பலகை நிற்கிறது. 'ஹாரன் அடிக்காதீர்' என்று சிறிய எழுத்திலும், கீழே அவருடைய பெயர் பெரிய எழுத்திலும் இருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. பின் இருக்கை இல்லாததால் கலந்து பேசவும் ஆளில்லை என்று நினைத்தாரோ என்னவோ, வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் வரியில் ஏதோ மிச்சம் பிடிக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மனைவி பெயரில் பதிவு செய்தார். அந்த யோசனையைத் தன் வாழ்நாளின் சாமர்த்தியங்களில் ஒன்றாகச் சில மாதங்கள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

காரில் ஒரே ஒரு சங்கடம். அது தரையோடு தரையாக இருந்தது. உள்ளே போவது விழுவது மாதிரி. வெளியே வருவது பிரசவம் மாதிரி. கேரேஜ் கதவுக்கு மோட்டாரும் ரிமோட்டும் ஏற்கெனவே உண்டு. ஆனால் ரிமோட் பேன்ட் பாக்கெட்டில் இருக்கும், பேன்ட் பள்ளமான இருக்கையில் இருக்கும், அதை எடுக்க அவர் நெளிகிற நெளிவு பார்க்கிறவர்களை வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வைக்கும். ரிமோட்டைக் கண் எதிரே மாட்டிக்கொள்ள ஒரு கிளிப் கிடைக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில், ஈரத்துணிக்குப் போடுகிற மாதிரி, கிளிப்பா? தலைவர் அதைவிடக் கண்ணியமான வழியைக் கண்டார். வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தார். யாராவது வந்து திறந்தார்கள்.

கேரேஜுக்கு நேர் மேலே உள்ள அறைதான் அவர் மனைவியின் பணியிடம். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்த அறையில் உட்கார்ந்து அவர் வங்கிகளுக்கும் விமான நிலையங்களுக்கும் குரல் பதிவு செய்கிறார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, இணைப்பில் காத்திருக்கவும்' என்று நீங்கள் கேட்டிருந்தால் அது அவராக இருக்கலாம். தெருவில் அவருக்குக் குரலம்மா என்று பெயர். கோபம் வந்தாலும் அந்தக் குரல் மாறாது. அதுதான் பயம். போன வாரம், நீளமான ஒரு பதிவின் கடைசி வாக்கியத்தில், கீழேயிருந்து ஹாரன் எழுந்தபோது குரலம்மா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்து, காத்திருக்கச் சொல்கிற அதே இனிமையோடு சொன்னார்:

"இன்னொரு தடவை ஹாரன் சத்தம் கேட்டா, கார் அண்ணன் வீட்டுக்குப் போயிடும்."

அண்ணன் பல் டாக்டர். அந்தக் காரை முதல் நாள் பார்த்ததிலிருந்தே அதன் மூக்கைத் தடவிக்கொடுத்து வருகிறவர். பொறுமையாகக் காத்திருந்து பிடுங்குவது அவருக்குத் தொழில். நல்ல விலை கொடுப்பதாகத் தங்கையிடம் சொல்லியும் வைத்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டியவரும் தங்கைதான்.

ஆகவே இன்று. "சாயங்காலம் மச்சான் முன்னாலயே காட்டறேன்" என்று டீயைக் குடித்து முடித்தார் தலைவர். "கார்லயே பொத்தான். வாசல்ல வந்து ஒரு விரல். கதவு தானா மேல போகும். ஹாரனுக்கு வேலையே இல்லை."

"போகலைன்னா?"

"போகும்."

"சரி. நாலு மணிக்கு அண்ணன் வருது."

பகல் முழுவதும் தலைவர் காருக்குள் மல்லாந்து கிடந்தார். பின்னால் வருவதைக் காட்டும் நடுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடியில் மூன்று பொத்தான்கள் பதித்த புதுக் கண்ணாடியை அங்கே மாட்டினார். அதற்குக் கரண்டு வேண்டும். கூரை விளக்கின் வயரிலிருந்து எடுத்து, கூரைத் துணிக்கு உள்ளே மறைத்துக் கொண்டுவர வேண்டும். மறைப்பதுதான் விஷயம். வயர் தெரிந்தால் அது வீட்டில் ஒட்டுப்போட்டது; தெரியாவிட்டால் கம்பெனியிலேயே வந்தது. துணியின் ஓரத்தை நெம்பும்போது உள்ளே எதுவோ டக் என்று உடைந்தது. எது என்று அவர் பார்க்கவில்லை. பொத்தானில் பச்சை விளக்கு எரிந்தது, அது போதும்.

இனி கண்ணாடியையும் கதவு மோட்டாரையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைக்க வேண்டும். ரிமோட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து அழுத்துவது முதல் பாதி. அது முடிந்தது. இரண்டாம் பாதி கேரேஜ் கூரையில் இருந்தது. மோட்டாரின் முதுகில் ஒரு பொத்தான் உண்டு. ஏணியில் ஏறி அதை அழுத்தினால் அது விளக்கை ஏற்றிக்கொண்டு காத்திருக்கும். அரை நிமிடத்துக்குள் காரிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். தாண்டினால் மோட்டார் மறந்துவிடும்.

முதல் தடவை தலைவர் இறங்கி, ஏணியைச் சுற்றிக்கொண்டு, சுவருக்கும் காருக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து, ஒரு காலை உள்ளே வைத்தபோது மோட்டாரின் விளக்கு அணைந்தது. இரண்டாவது தடவை ஓடினார். தலை இடித்தது. மூன்றாவது தடவை, காலுக்குப் பதில் பின்பக்கத்தை முதலில் அனுப்பிப் பார்த்தார். அது நல்லபடியாகத்தான் போனது. வெளியே நின்றுவிட்ட கால் ஏணியை உதைத்தது. ஏணி மெதுவாக யோசித்துச் சாய்ந்து, காரின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்தது.

மேலே பேச்சு நின்றது. படியில் காலடிச் சத்தம். தலைவர் பாதி காருக்குள் இருந்தபடியே முகத்தைச் சரிசெய்துகொண்டார். வீட்டுப் பக்கக் கதவைத் திறந்து, கழுத்தில் ஹெட்போனோடு குரலம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழல. ஏணியைப் படுக்க வச்சேன்."

"இவ்வளவு சத்தமா படுத்துச்சா. நீங்க என்ன பண்றீங்க, ஒரு கால் உள்ள ஒரு கால் வெளிய?"

"அங்க அழுத்திட்டு அரை நிமிஷத்துல இங்க வந்து உக்காரணும். டெக்னிக்கலா கொஞ்சம் சிக்கலான விஷயம். உனக்குச் சொன்னா புரியாது."

"உக்காந்து என்ன பண்ணணும்?"

"இந்தப் பொத்தானை அழுத்தணும்."

குரலம்மா காரைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். "ஜன்னலை இறக்கிட்டு வெளியில நின்னபடியே கையை உள்ள விட்டு அழுத்தினா ஆகாதா?"

தலைவர் உள்ளே போயிருந்த பாதியை வெளியே எடுத்தார்.

"அடுத்து அதைத்தான் பண்றதா இருந்தேன்."

"பண்ணுங்க, பண்ணுங்க. நான் பாக்கல" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஜன்னல் வழியாக இடுப்பு வரை உள்ளே போய், முழு எடையையும் ஒரு விரலில் போட்டுத் தலைவர் பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகியது. கதவு அசைந்தது, எழுந்தது, தெருவும் வெயிலும் உள்ளே வந்தன. வெயிலில் கண் கூசியதால்தான் தண்ணீர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு அவர் கதவை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மேலேயிருந்து குரலம்மா காலால் தரையை உதைக்கிற வரை அறிவியலைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் காரைத் துடைக்கிற மெல்லிய துணி.

"என்ன மாப்ளே, சாவி உங்ககிட்ட இருக்கா, தங்கச்சிகிட்ட இருக்கா?"

"முதல்ல பாருங்க மச்சான். பேச்சு அப்புறம்."

"பாக்கத்தானே வந்திருக்கேன். வர்ற வழியில இன்சூரன்சை என் பேருக்கு மாத்தறது எப்படின்னு சும்மா விசாரிச்சேன். சும்மாதான்."

மாடி ஜன்னல் திறந்தது. "ரெண்டு பேரும் கேளுங்க" என்றார் குரலம்மா. "நாலரைக்குள்ள இந்தப் பதிவை அனுப்பியாகணும். கடைசிப் பக்கம் ஓடுது. நடுவுல ஹாரன் கேட்டுச்சுன்னா நான் கீழ வந்து பேசமாட்டேன். நேரா கையெழுத்துத்தான்." ஜன்னல் மூடியது.

இனி தேவைப்படாது என்று ரிமோட்டைக் கேரேஜ் ஆணியில் மாட்டிவிட்டு, தலைவர் காரை வெளியே எடுத்தார். இறங்கி நின்று ஜன்னல் வழியாகப் பொத்தானை அழுத்தினார், கதவு இறங்கி மூடியது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று ஏற்பாடு. சும்மா வாசலில் நின்று காட்டினால் நம்பிக்கை வராதாம். சுற்றி முடித்துத் தன் வீட்டுப் பக்கம் திரும்பும்போதுதான் தெரிந்தது, பின்னால் ஒரு டெலிவரி வேன் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தெரு குறுகல். அவர் நின்றால் அதுவும் நிற்க வேண்டும்.

நின்றார். கையை உயர்த்தினார். கை கண்ணாடி வரை போகவில்லை.

ஸ்போர்ட்ஸ் காரில் சாய்ந்து படுத்தபடிதான் ஓட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. பகலில் பொத்தானை அழுத்தியதெல்லாம் ஜன்னல் வழியாக. இப்போது ஒரு விரல் நீளம் குறைந்தது. குனிந்து நெம்புகோலைத் தேடி, இருக்கையை முன்னால் தள்ளினார். ஸ்டியரிங் வந்து வயிற்றைத் தொட்டது. விரல் எட்டியது. அழுத்தினார். பச்சை விளக்கு சிமிட்டியது. கதவு அசையவில்லை.

இன்னொரு தடவை. விளக்கு சிமிட்டியது. கதவு சுவர் மாதிரி நின்றது. அதன் முன்னால் பல் டாக்டர் துணியை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாத மடிப்பு.

"சார், உள்ள போறீங்களா, இல்ல போட்டோவுக்கு நிக்கறீங்களா?" என்று வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

புதுக் கண்ணாடி மிகத் தெளிவாக இருந்தது. வேன் டிரைவரின் வலது கை எழுந்து ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கு நகர்வதைத் தலைவர் அதில் பார்த்தார். யாருடைய ஹாரன் என்று நிபந்தனையில் இல்லை. ஹாரன் சத்தம் என்றுதான் இருந்தது. தெருமுனைப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கிறவர், ஜன்னலுக்கு வெளியே தலையையும் இரண்டு கைகளையும் நீட்டி, பின்பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

"அடிச்சிடாதீங்க தம்பி. ஒரே நிமிஷம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன் சார், வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு."

டிரைவரின் கை அந்தரத்தில் நின்றது. "சரி, சீக்கிரம் பாருங்க. இன்னும் பாதித் தெரு பாக்கி இருக்கு."

மேலே அறையில் பதிவு நடந்துகொண்டிருந்தது. பஞ்சையும் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டித் தெருவுக்கு ஒரு சொல்லும் கேட்காது. ஆனால் வெளியே எழும் ஹாரன் உள்ளே கேட்கும். தலைவரின் முதுகில் சட்டை ஒட்டியது. பொத்தானை மறுபடி தட்டினார், மறுபடி விளக்கு. நீட்டிய விரலைப் பார்த்தார். ஹோட்டலில் சர்வரைக் கூப்பிடுவது போல நாசூக்காகத் தட்டிக்கொண்டிருக்கிறது. பகலில் அப்படி இல்லை. தொங்காத குறையாக அழுத்தி வைத்திருந்தார். கண்ணியத்தை விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. கதவு முனகியது. எழுந்தது.

பல் டாக்டர் மடித்த துணியோடு ஓரமாக ஒதுங்கினார். சிவப்புக் கார் தேர் போல உள்ளே போனது. வேன் டிரைவர் கையை ஆட்டிவிட்டுக் கடந்து போனார். தலைவர் பொத்தானை அழுத்திப் பிடித்தார். பின்னால் கதவு இறங்கி, தரையைத் தொட்டு, அடங்கியது. இன்ஜினை நிறுத்தினார். எங்கும் ஹாரன் இல்லை.

கதவுக்கு வெளியிலிருந்து பல் டாக்டரின் குரல் வந்தது. "மாப்ளே, ஒத்துக்கறேன். நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. கார் உங்களுக்குத்தான்."

தலைவர் சீட் பெல்ட்டைக் கழற்றினார். வெற்றி பெற்றவர் உட்கார்ந்தபடி கத்தக் கூடாது. வெளியே வந்து, காரின் கூரையில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையால் ஜன்னல் வழியே பொத்தானை அழுத்தி, கதவு உயர உயர மச்சானுக்கு முதலில் தன் ஷூவும் பிறகு பேன்ட்டும் கடைசியில் முகமும் தெரிய வேண்டும். மனதுக்குள் அது முழுதாகத் தயாராகிவிட்டது. எழுந்தார். ஸ்டியரிங் விடவில்லை. இருக்கையைப் பின்னால் தள்ள வேண்டும். நெம்புகோல் இருக்கைக்கு அடியில். பெருமூச்சு விட்டு, வலது கையைக் கீழே விட்டு, ஆழமாக முன்பக்கம் குனிந்தார்.

ஹாரன் எழுந்தது. மூடிய கேரேஜுக்குள், பஞ்சு ஒட்டிய அறைக்கு நேர் கீழே, அவர் நிமிரத் திணறிய நேரம் முழுக்க எழுந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்ததும் நின்றது. மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மேசை இழுப்பறை திறக்கும் சத்தம், பேனா எடுக்கிறவர்கள் திறப்பது போல.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் காரை எடுத்துக்கொண்டு போனார். புதுக் கண்ணாடி ரொம்ப வசதியாக இருக்கிறது என்று அடுத்த வாரம் போன் செய்து சொன்னார். கண்ணாடிக்குப் போன கரண்டு ஹாரன் வயரில் கசிந்துவிட்டது, மின்காந்தக் குறுக்கீடு, வெளிநாடுகளில் இதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சியே நடக்கிறது என்று தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் தலைவர் இன்றும் விளக்குகிறார்.

ஹாரனை அழுத்தியது அவருடைய வயிறு.