கையால் பேசியது

ஆணிப் பட்டறையில் வாய்க்கு வேலை கிடையாது. இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் நாங்கள் கையால்தான் பேசுவோம். முஷ்டியை மடக்கினால் நிறுத்து என்று அர்த்தம். உள்ளங்கையை விரித்துக் கவிழ்த்தால் கம்பி தீர்ந்துவிட்டது, புதுச் சுருள் கொண்டு வா. என் வீட்டுக்காரர் ஆணி அடிக்கும் இயந்திரத்தில், நான் எதிரே பெட்டி அடைப்பதில்; அவருக்குக் கம்பிச் சுருள் எடுத்துக் கொடுப்பதும் நான்தான். கையாலேயே என்னை வம்புக்கு இழுப்பார். நானும் சும்மா விடமாட்டேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் இயந்திரங்கள் நின்ற பிறகுதான் தெரிந்தது. "வாங்க, சாப்பிடலாம்" என்றேன். திரும்பினார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சத்தம்தான் வந்தது, பேச்சு வரவில்லை. வலது கை துவண்டு தொங்கியது. மேஸ்திரி தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

மூளைக்குப் போகிற குழாயை ரத்தக் கட்டி அடைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. கரைக்க ஊசி உண்டு. ஆனால் நேரம் கடந்து போட்டால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம்.

"கடைசியா எப்ப நல்லா பேசினார்?"

"வீட்டுல பேசினதுதான் டாக்டர். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம்."

டாக்டரம்மா முகம் சுருங்கியது. "அப்படின்னா நேரம் தாண்டிடுச்சும்மா. ஊசி போட முடியாது."

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது வாசலில் நின்ற மேஸ்திரி, பழக்க தோஷத்தில், 'என்ன ஆச்சு?' என்று கையாலேயே கேட்டார். அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

"டாக்டர்! பேசினார்! பதினொரு மணி டீ குடிச்சிட்டு வந்தப்புறம்கூட பேசினார்!"

"இப்பதானே வீட்டுல பேசினதுதான்னீங்க?"

"அது வாயால. இது கையால. ஆமை மாதிரி பெட்டி அடைக்கிறேன்னு வலது கையால நக்கல் பண்ணினார். அஞ்சு விரலும் நல்லா ஆடுச்சு."

டாக்டரம்மா மேஸ்திரியைப் பார்த்தார்.

"நானும் பார்த்தேங்க! பார்த்துச் சிரிச்சேன்!" என்று வார்டே அதிரக் கத்தினார் அவர். மெதுவாகப் பேச அவருக்கு வராது.

ஊசி போட்டார்கள். எல்லாம் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள்.

மறுநாள் கண் விழித்தார். "கையைத் தூக்குங்க" என்றார் டாக்டரம்மா. இவர் பேந்தப் பேந்த விழித்தார்.

"நாம சொல்றது அவருக்கு இன்னும் புரியலைம்மா."

எனக்குத் தாங்கவில்லை. அழுகையோடு கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கட்டிலருகே போய், பட்டறையில் கேட்பதுபோல் கையை உயர்த்தி, 'என்ன வேணும்?' என்று கேட்டேன்.

வெகுநேரம் என் கையையே பார்த்தார். வலது கை அசையவில்லை. இடது கை மெல்ல மேலே வந்தது. உள்ளங்கை விரிந்தது, கவிழ்ந்தது.

கம்பி தீர்ந்துவிட்டது என்று என்னிடம்தான் சொன்னாரா, கை தானாகத் தடுமாறியதா, எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவிடம் கேட்கவும் பயமாக இருந்தது. எப்போதும் சொல்கிற பதிலையே கையால் சொன்னேன்: இருங்க, இதோ கொண்டு வரேன்.