குப்புறப் படுத்துப் பார்க்கும் ஜன்னல்

ஜூனிக்கு ஒரு ஜன்னல் வேண்டும். மார்ச் முடிவதற்குள் வேண்டும். இல்லையென்றால் அவள் வேறு யார் வீட்டிலோ வளர்வாள்.

ஜூனி என் அண்ணன் மகள், ஏழு வயது. அண்ணன் போதை மறுவாழ்வு விடுதியில் கிடக்கிறான். பிள்ளையை எங்களிடம் விடலாமா என்று பார்க்க வந்த குழந்தைநல அதிகாரி மாடி அறையின் நடுவில் நின்றாள். அங்கே மட்டும்தான் நிற்க முடியும். இரண்டு பக்கமும் கூரை சரிந்து இடுப்புயரச் சுவரில் முடிகிறது. ஜன்னல் இல்லாதது படுக்கையறையே ஆகாது, தீப்பிடித்தால் குழந்தை தானே திறந்து வெளியேற வேண்டும் என்றும், மார்ச் கடைசியில் திரும்ப வந்து பார்ப்பேன் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா தச்சர். அமெரிக்காவின் வெர்மான்டில் எங்கள் மலைச்சரிவில் பாதிக் கூரைகள் அவர் வேலை. எனவே பேச்சே தேவையில்லை என்று நினைத்தேன். இடுப்புயரச் சுவரில் ஒரு தாழ்ந்த ஜன்னல். அதற்கு நேர் கீழே முன்வாசல் கூரை. ஜூனி தவழ்ந்தே இறங்கிவிடலாம். வரைந்தும் கொடுத்தேன்.

அவரோ பழைய சாமான் கடையிலிருந்து, சரிந்த கூரையில் பதிக்கிற கண்ணாடி ஜன்னல் ஒன்றைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டார்.

"தரையில ஜன்னல் வைக்கிறது கூலியாள் ரூமுக்கு," என்றார்.

"நீங்க பொறந்ததே கூலியாள் ரூமுலதானே?"

"அதனாலதான் சொல்றேன்."

என் தாத்தா பிளாட்ஜெட் பண்ணையில் மாடு பார்த்தவர். விறகுக் கொட்டகைக்கு மேலே, கூரைக்கடியில் குடும்பத்தோடு இருந்தார். ஜன்னல் தரையோடு தரையாக. குப்புறப் படுத்துப் பார்த்தால் தெரிவது பண்ணைக்காரரின் பூட்ஸ் மட்டும்தான். அவை கீழே வந்து நின்றால் பால் கறக்க எழுந்தாக வேண்டும். இவ்வளவையும் அப்பா அன்றைக்குத்தான் சொன்னார்.

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. கல்லூரிக் கோடைகளில் நான் கூட்டித் துடைத்த பணக்கார வீடுகளில், அதே தாழ்ந்த ஜன்னலுக்கு மெத்தை தைத்துப் போட்டு விருந்தாளிகளுக்குக் காட்டுவார்கள். அவர்கள் வைத்தால் ரசனை, நாங்கள் வைத்தால் கூலியாள் அறையா என்று கேட்டேன்.

"படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும். எம் பேத்தி வானத்தப் பாக்கட்டும்."

நான் வரைந்த தாளை மடித்து எடுத்துக்கொண்டேன்.

மரச்சட்டத்துக்கு வண்ணம் அடிக்க, கூரை எந்தச் சரிவோ அதே சரிவில் ஜன்னலை இரண்டு மரத் தாங்கிகள் மேல் சாய்த்து வைத்தார். அன்று இரவு பனி கொட்டியது. காலையில் ஜூனி, யாரும் சொல்லாமலே, கூடாரத்துக்குள் நுழைவதுபோல் அதற்கடியில் நுழைந்து இரண்டு கையாலும் தள்ளினாள். பிறகு தலையாலும் முட்டினாள்.

"தாத்தா, இது தொறக்கவே மாட்டேங்குது."

அப்பா கையில் காப்பியோடு அப்படியே நின்றார். மார்ச்சிலேயே கண்ணாடிமேல் பனி இப்படி அழுத்தினால் ஜனவரியில் முழங்காலளவு கிடக்கும். நாற்பது வருடம் ஊரார் கூரைகளில் ஏறிப் பனி தள்ளிய மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். அந்தப் பூட்ஸ்தான் மறைத்திருக்கிறது.  

ரம்பத்தோடு மேலே போனார். சுவரில் கையகலத்துக்கு ஒரு துளை அறுத்தார். ஜூனியின் கட்டிலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அதில் குப்புறப் படுத்துக்கொண்டு, என்னைக் கீழே போய் நிற்கச் சொன்னார்.

வாசலில் நின்றேன்.

"தெரியல. முன்வாசல் கூரை மறைக்குது. பின்னால போ."

சாலை வரை போனேன். 

"இப்போ?" என்றேன்.

"முழுசா தெரியுற. பின்னால மலை. அதுக்கு மேல..." என்று நிறுத்தினார். பிறகு சொன்னார்: "மெத்தை மட்டத்துக்கே வச்சிரலாம்."

உடைந்தாலும் கிழிக்காத கண்ணாடி போட்டார். கொக்கியை ஜூனியின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

முப்பதாம் தேதி அதிகாரி வந்தாள். திறந்து காட்டு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜூனி வெளியே போய் முன்வாசல் கூரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் படுக்கத்தான் வேண்டும். நல்ல கம்பளிக் கோட்டோடு அந்த அம்மாள் கட்டிலில் குப்புறப் படுத்து, அனுமதித் தாளை மெத்தைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அப்பா கதவோரம் நின்று அவளுடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.