அந்தப் பக்கம் இருந்தால் கணக்கில் வராது

1.

இந்தக் கதை ஒரு கையசைப்பிலிருந்து பிறந்தது. ரியோ கிராண்டே ஆற்றின் அக்கரையில், மெக்சிகோ மண்ணில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எழுபத்தொன்பது வயதுப் பெண்மணி ஒருவர் இக்கரையில் நின்றவர்களைப் பார்த்துக் கை அசைத்தார். மகளுக்கு அசைப்பதாக நினைத்துக்கொண்டு அசைத்தார். மகள் அங்கே இல்லை.

[முதல் பிரதியில் ‘அக்கறையில் உட்கார்ந்திருந்த’ என்று எழுதிவைத்திருந்தேன். பத்தொன்பது வருடமாக டெக்சாஸில் கணக்குப் பாடம் நடத்துகிறவனுக்குத் தமிழில் ர, ற தகராறு வருவது சகஜம். திருத்திவிட்டேன்.]

மகள் அங்கே இல்லாமல் போனதற்கு ஒரு பறவைதான் காரணம் என்று மூன்று மாதமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பறவைக்கு என்ன தெரியும், பாவம். காரணம் ஒரு மனிதன். அவனை இந்தக் கதைக்குள் இழுத்துவருவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

2.

தொடக்கங்கள் சில:

‘ஜனவரி மாதத்து விடியலில், மூடுபனி ஆற்றின்மேல் மெல்ல—’

[அடித்துவிட்டேன். மூடுபனியில் ஆரம்பிக்கிறவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அல்லது சொல்லப் பயம்.]

‘எர்மீலா லோங்கோரியாவுக்குப் பறவைகள் என்றால் உயிர்.’

[பொய். பறவைகள் அவளுக்குத் தொழில். குளிர்காலம் வந்தால் வடக்கே பனிக்குப் பயந்து எங்கள் ஊருக்கு ஓடிவரும் பெரியவர்களை வேனில் ஏற்றி, ஆற்றங்கரை நெடுகக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவாள். உயிர் அவளுக்கு வேறிடத்தில் இருந்தது. நான்கு மணி நேரத் தொலைவில், அந்தப் பக்கம், ஒரு சிற்றூரில், ரெஃபுகியோ என்ற அம்மாவாக.]

‘எர்மீலா தன் அம்மாவை இருபத்திரண்டு வருடமாக நேரில் பார்க்கவில்லை. வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பார்க்கப்போகிறாள்.’

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

3.

ஏற்பாடு எளிமையானது. தம்பி ஃபவுஸ்டினோ அம்மாவை வண்டியில் ஏற்றி, ஆற்றின் அந்தப் பக்கம் கொண்டுவந்து உட்காரவைப்பான். இந்தப் பக்கம் பழைய படகுத்துறையில் எர்மீலா நிற்பாள். நடுவில் தொண்ணூறு மீட்டர் தண்ணீர். போனில் தினமும் பேசுகிறவர்கள்தான். ஆனால் அம்மாவுக்குக் கண்ணில் புரை. போன் திரையில் மகள் முகம் அவருக்கு வெறும் வெளிச்சம். “உன் மூஞ்சி வேணாம்டி. நீ நிக்கிறதப் பாக்கணும், அது போதும்” என்று கேட்டிருந்தார். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு கேட்டது.

“எப்படி அடையாளம் காட்டுறது?” என்று தம்பி கேட்டான்.

“என் தொலைநோக்கிய முக்காலியில நிறுத்தியிருப்பேன். கால்ல செவப்புத் துணி கட்டியிருக்கும். அதுக்குப் பக்கத்துல நிக்கிறது நான்தான்.”

அதற்கு முந்தின சனிக்கிழமை அவள் அதே துறைக்கு ஒரு கூட்டத்தை அழைத்துப்போனாள். பறவை பார்க்கத்தான். இடம் பார்த்து வைத்துக்கொள்ளவும்தான். வேனில் மின்னசோட்டாக்காரர் டுவைட், அவர் மனைவி, இன்னும் இரண்டு பேர். ஓட்டியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பதினோரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்காமல் எர்மீலாவின் வேனை ஓட்டுகிறவர்.

காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய தமாலேயின், சோளத்தோலில் பொதிந்து அவித்த மாவுப் பலகாரம் அது, தோலை உரித்துக்கொண்டே டுவைட் வம்புக்கு இழுத்தார்.

“ஏம்மா எர்மீலா, பெரிய வெள்ளைக் கொக்க நீ இன்னும் பாத்ததே இல்லையாமே? நாலு மணி நேரம் வடக்கப் போனா மந்தையா நிக்குது. நாங்க நாட்டோட அந்தக் கோடியில இருந்து வந்து பாத்துட்டோம்!”

“அதுக்குக் காலு எவ்ளோ நீளம் பாத்தீங்கல்ல? வேணும்னா அது வந்து என்னப் பாக்கட்டும்.”

“சோம்பேறி இவ. வேன்கூட ஓட்ட மாட்டா” என்றார் வாத்தியார்.

“நான் ஓட்டிட்டா நீ எதுக்கு வாத்தியாரே? சும்மா உக்காந்து தமாலே திங்கவா?”

எல்லோரும் சிரித்தார்கள்.*

* வடக்கே போகும் ஒவ்வொரு சாலையிலும் ஒரு சாவடி உண்டு. வண்டியை நிறுத்தி, குடியுரிமை உண்டா என்று கேட்பார்கள். ஆற்றுக்கும் சாவடிக்கும் இடைப்பட்ட நிலத்தில் எர்மீலா இருபத்திரண்டு வருடமாக வாழ்ந்தாள். இந்த நாட்டில் தங்குவதற்கான தாள் அவளிடம் இல்லை. ஓட்டுநர் உரிமமும் இல்லை. பாலம் தாண்டி அம்மாவைப் பார்க்கப் போனால் திரும்ப முடியாது. இங்கே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பதினோரு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு இது தெரியாது. கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை. பறவையின் இறகு நுனியில் உள்ள வெள்ளைக் கோட்டை நூறு அடி தள்ளி நின்று கண்டுபிடிக்கிற ஆள்.

4.

துறையில் பறவையை முதலில் பார்த்தது வாத்தியார்தான். ஆகாயத்தாமரைப் பரப்பின்மேல், நீண்ட விரல்களால் இலைக்கு இலை எட்டுவைத்து நடந்துகொண்டிருந்தது. காவி உடம்பு, மஞ்சள் நெற்றி. இலைக்கோழி. நம் ஊர்க் குளத்தில் இருப்பதன் மெக்சிகோச் சொந்தம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வருடமாக ஒருவர் கண்ணிலும் படாதது.

ஆனால் அது ஆற்றின் அந்தப் பாதியில் இருந்தது. பறவை பார்க்கிற எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. பறவை ஆற்றின் நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் அவரவர் பார்த்த பறவைகளின் பட்டியலில் எழுதலாம். அந்தப் பக்கம் இருந்தால் கணக்கில் வராது. கண் முன்னால் நிற்கும், கண்ணாடி வழியாக அதன் இமை தெரியும், ஆனாலும் பார்த்ததாக ஆகாது. ஆறு பேரும் நாற்பது நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்தே காலுக்கு அது பறந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது. டுவைட் வாத்தியாரைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார்.

எர்மீலா மட்டும் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“வாத்தியாரே, வியாழன் கழியிற வரைக்கும் இத யாருக்கும் சொல்லாத. அவங்ககிட்டயும் சொல்லிவை.”

“ஏன்? அமுக்கப் பாக்குறியா?”

“சொல்லாதன்னா சொல்லாதயேன்.”

இங்கே இன்னொரு சட்டம். கூடு கட்டியிருக்கும் ஆந்தையின் இடத்தை வெளியே சொல்லக்கூடாது. கூட்டம் வந்து கெடுத்துவிடும். வழி தப்பி வந்த பறவையை உடனே எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். மறைத்தவனுக்கு ‘அமுக்குணி’ என்று பட்டம். இரண்டையும் வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்தவளே எர்மீலாதான்.

அன்று மாலை, டுவைட் தான் தங்கியிருந்த விடுதி அறையில் உட்கார்ந்து, பறவைக்காரர்களின் செயலியில் படத்தையும் படகுத்துறையின் துல்லியமான இடத்தையும்—

[இந்த வாக்கியத்தை நான்கு முறை எழுதி நான்கு முறை பாதியில் விட்டிருக்கிறேன். டுவைட் நல்ல வசதியான பாத்திரம். வெளியூர், ஓட்டைவாய், அடுத்த மாதம் திரும்பிப் போய்விடுவார், தமிழும் படிக்க மாட்டார். பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டால் கேட்க நாதியில்லை. ஆனால் அந்த மனிதர், “அவ கேட்டுக்கிட்டாள்ல, விடுப்பா” என்று வாயை மூடிக்கொண்டார்.]

அனுப்பியது வாத்தியார். வாத்தியார் நான்.

இடத்தோடு அனுப்பினேன். முதலில் கண்டவர் என்று என் பெயர் வரும். அது பாதிக் காரணம். மீதிப் பாதி இன்னும் கேவலம்: அவள் அந்தப் பறவையை வைத்துத் தனிக் கூட்டம் சேர்க்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பதினோரு வருடத்தில் என்னிடம் அவள் கேட்ட ஒரே உதவி. அதற்குப் பேராசை என்று பெயர் வைத்தேன்.

5.

புதன்கிழமை அவளே போன் செய்தாள். தொலைநோக்கி சனிக்கிழமையிலிருந்து என் வண்டியிலேயே கிடந்தது.

“நாளைக்கு அது எனக்கு வேணும், வாத்தியாரே.”

“நானே அங்கதான் வரேன். ஊரே வருது, பாக்கல? நீ வா, கையில தரேன்.”

“சரி” என்றாள்.

வியாழனன்று காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லிவிட்டுப் போனேன். துறையில் நாற்பது பேர். மண்சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள். இவ்வளவு கூட்டமா என்று எல்லைக் காவல் வண்டி ஒன்றும் வந்து சாலை முனையில் நின்றது. வருகிறவர்களிடம் சிரித்துப் பேசி, வழக்கமான அந்த ஒரு கேள்வியைக் கேட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடமும் கேட்டார்கள். பதில் சொல்ல ஒரு வினாடி ஆனது.

எர்மீலா பக்கத்துவீட்டுக்காரியின் வண்டியில் வந்தாள். தூரத்திலேயே காவல் வண்டியைப் பார்த்துவிட்டுத் திருப்பச் சொன்னாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் நினைத்தது: கோபம், அதனால் வரவில்லை, வராவிட்டால் போகட்டும். அவளுடைய தொலைநோக்கியை விரித்து, சிவப்புத் துணி கட்டிய காலை மண்ணில் நன்றாக ஊன்றி, பக்கத்தில் நின்றேன்.

பறவை அந்தப் பக்கம் இருந்தது. நாற்பது பேரும், “வா, வா, இந்தப் பக்கம் வா!” என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம். கூப்பிட்டோம். கை கூப்பினோம். அந்தப் பக்கத்திலிருந்து எதையாவது அப்படிக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு, பறவைக்கு நேர் மேலே கரையில், ஒருவன் ஒரு கிழவியைத் தூக்கிவந்து நாற்காலியில் இறக்கினான். “ஐயோ, பறவை பயந்துடப்போவுது!” என்றார் என் பக்கத்தில் இருந்தவர். அறுபது மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் அந்த அம்மா எனக்குத் துல்லியமாகத் தெரிந்தார். நீலப் போர்வை. மூக்கின் பக்கத்தில் மச்சம். பார்க்க வேண்டியவள் ஒருத்தி. பார்த்தது நாற்பது பேர். உலகத்திலேயே நல்ல கண்ணாடிகளால் பார்த்தோம். எங்களில் ஒருவருக்கும் அவர் கணக்கில் வரவில்லை.

மகன் குனிந்து எங்கள் பக்கம் சுட்டிக்காட்டினான். அந்த அம்மா கை அசைத்தார்.

அதே நேரத்தில் பறவை எழும்பியது.

6.

சனிக்கிழமை எர்மீலா தொலைநோக்கியை வாங்கிக்கொள்ள என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தாள், சாவடி, அம்மா, வியாழன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“அம்மா போன்ல ஒரே அழுகை. சந்தோசத்துல. ‘நீ நிக்கிறதப் பாத்துட்டேன், திருப்பிக் கை ஆட்டினியே, பாத்துட்டேன்’னு. ‘எவ்ளோ குண்டாயிட்ட’ன்னு வேற சொன்னாங்க.”

எனக்குத் தொப்பை உண்டு.

“செவப்புத் துணிக்குப் பக்கத்துல நீதான நின்ன? கை ஆட்டினியா?”

“ஆட்டினேன்.”

“நல்லா ஆட்டினியா?”

“நல்லா ஆட்டினேன்.”

முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் வேனை நான் ஓட்டவில்லை. மார்ச் மாதம் அவள் அம்மா இறந்துபோனார். அடக்கத்தன்று எர்மீலா ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் இருந்தாளாம். டுவைட் சொன்னார்.

7.

முடிவுகள்:

(அ) நான் கை அசைத்தேன். யாரென்று தெரியாமலே, மரியாதைக்கு அசைத்தேன். ஒரு தாய் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்; எனக்கும் லேசாக மன்னிப்புக் கிடைக்கும்.

(ஆ) நான் அசைக்கவில்லை. வலது கை குவியத்தைத் திருகிக்கொண்டிருந்தது. இடது கை முக்காலியைப் பிடித்திருந்தது. பறவை நடுக்கோட்டைத் தாண்டியதும் நாற்பது பேரும் கைகளை மேலே தூக்கி ஆரவாரம் செய்தோம். புரை விழுந்த கண்ணுக்கு அது கையசைப்பாகத் தெரிந்திருக்கும்.

(இ) தம்பி பொய் சொன்னான். அம்மாவுக்குத் தெரிந்தது வெறும் வெளிச்சம்.

மூன்றில் எது என்று எனக்குத் தெரியும். எர்மீலாவிடம் ஒன்றைச் சொல்லிவிட்டேன். அதை மாற்ற முடியாது. உங்களிடம் இன்னொன்றைச் சொன்னால் அது என்றைக்காவது சுற்றிவளைத்து அவள் காதுக்குப் போகும். ஒரு தடவை இடத்தைச் சொல்லிப் பட்டது போதும்.

இலைக்கோழி என் பட்டியலில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. அழித்துவிடலாம் என்று பல முறை எடுத்தேன். அழிக்கவில்லை.

கடைசி வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். நல்ல மனசோடு முடித்துவைப்பதற்கு முன்னால், நீங்களே அங்கே நின்றிருந்தால், பறவையைக் கண்டவர் என்று உங்கள் பெயரே முதலில் வந்திருந்தால், உங்கள் கை எங்கே இருந்திருக்கும் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வாக்கியம் இதுவரைக்கும்தான் இருக்கிறது:

அந்த அம்மா கை அசைத்தபோது வாத்தியார்